தாளில் மட்டும் முழுதாகத் தெரிந்த ஆடை

ஆடை வடிவமைப்பாளர் நார்மன் ஹார்ட்னெலுக்கு லீக்ஸ் பிடிக்கவில்லை. நுவரெலியாப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காய்கறியைத் தெரிந்திருக்கும். வெங்காயத்தாளுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். சூப்பில் போடலாம், வதக்கிக் கறி வைக்கலாம். ஒரு அரசியின் முடிசூட்டு ஆடையில் தைக்க முடியுமா? வேல்ஸின் சின்னமாக டாஃபடில் பூவை வைத்துக்கொள்கிறேனே என்று அவர் வாதாடிப் பார்த்தார். சர் ஜார்ஜ் பெல்லூ அசைந்துகொடுக்கவில்லை. இங்கிலாந்தில் எந்தக் குடும்பத்துக்கு எந்தக் கொடி, எந்த நாட்டுக்கு எந்த முத்திரை என்று தீர்ப்புச் சொல்லும் 'கார்ட்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ்' பதவியில் அப்போது இருந்தவர் அவர். வேல்ஸுக்கு லீக்ஸ்தான் என்றார். ஹார்ட்னெலுக்கு வெல்ஷ் கார்ட்ஸ் படைவீரர்களின் தொப்பியில் இருக்கும் லீக்ஸ் முத்திரை நினைவுக்கு வந்தது. தண்டுக்கு வெள்ளைப் பட்டு, இலைக்கு வெளிர்பச்சைப் பட்டு, ஊடே வைரமாய் மின்னும் கற்கள் என்று வரைந்தார். காய்கறி அழகாகவே வந்துவிட்டது.

1953 ஜூன் 2 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது அணிந்த ஆடையைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்த ஆடையும் அதற்கு ஹார்ட்னெல் வரைந்த ஸ்கெட்சும் இன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கின்றன. கண்காட்சி வைத்தால் கூட்டம் ஆடையைச் சுற்றித்தான் நிற்கும். பக்கத்துச் சுவரில் கண்ணாடிக்குள் இருக்கும் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். எனக்கென்னவோ அந்தத் தாள்தான் முக்கியம் என்று படுகிறது.

ஃபேஷன் ஸ்கெட்சைப் பலரும் ஓவியமாகப் பார்க்கிறார்கள். அது பாதிதான் உண்மை. நம்மூர் தையற்கடையில் டெய்லர் ஒரு நோட்டு வைத்திருப்பார். ஒரு பக்கத்தில் அளவு, ஓரத்தில் கழுத்தும் கையும் எப்படி வரவேண்டும் என்று பால்பாயின்ட் பேனாவில் ஒரு கிறுக்கல், மேலே குண்டூசியில் குத்திய துணிப் பிட்டு, கீழே கொடுக்கவேண்டிய தேதி. ஃபேஷன் ஸ்கெட்ச் செய்கிற வேலையும் அதுதான். வாடிக்கையாளர் சம்மதம் சொல்வதற்கும், பட்டறையில் வெட்டுகிறவரும் தைக்கிறவரும் பூவேலை செய்கிறவரும் ஒரே ஆடையை மனதில் வைத்து வேலை செய்வதற்கும் அது வேண்டும். ஓவியம்போல அழகாக இருப்பது முதல் காரியத்துக்காக. சம்மதம் வாங்க வேண்டுமே!

அதனால் அது கொஞ்சம் பொய்யும் சொல்லும். நிஜ மனித உடம்பு தலையளவில் ஏழரை மடங்கு உயரம். ஃபேஷன் ஸ்கெட்சில் ஒன்பது மடங்கு, சிலர் கையில் பத்துக்கும் போகும். கூடுகிற நீளமெல்லாம் காலுக்கே. எலிசபெத் ஏறக்குறைய ஐந்தடி நான்கு அங்குலம். தாளில் நிற்கும் பெண்ணோ தென்னங்கன்றுபோல நெடுநெடுவென்று இருப்பாள். இடுப்பு ஒரு பிடி, அதற்குக் கீழே மணிபோல விரியும் பாவாடை. இன்னொரு பொய்யும் உண்டு: தாளில் ஆடைக்கு எடையே கிடையாது. அந்தப் பொய்யைச் சமாளிப்பது பட்டறையின் தலைவலி. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹார்ட்னெல் 1901-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போய், மாணவர் நாடகங்களுக்கு உடை வரைந்து, பட்டம் வாங்காமலே வெளியேறியவர். 1923-இல் லண்டன் மேஃபேர் பகுதியின் புரூட்டன் தெருவில் கடை போட்டார். மூன்று வருடம் கழித்து அதே தெருவின் 17-ஆம் எண் வீட்டில் எலிசபெத் பிறந்தார். 1935-இல் ஒரு அரச திருமணத்தில் தோழிச் சிறுமிகளாக நின்ற எலிசபெத்துக்கும் தங்கை மார்கரெட்டுக்கும் உடை தைத்துக் கொடுத்தவர் இவர். 1938-இல் அவர்களுடைய தாயார் பாரிஸுக்கு அரசுமுறைப் பயணம் புறப்படவிருந்தபோது பாட்டி இறந்துபோனார். தயாராகியிருந்த உடைகள் அத்தனையையும் துக்கத்துக்குரிய வெள்ளையில் மறுபடி தைத்துக் கொடுத்துப் பேர் வாங்கினார் ஹார்ட்னெல். நமக்கு வெள்ளை துக்க நிறமாக இருப்பதில் வியப்பில்லை. ஐரோப்பிய அரச குடும்பங்களிலும் அந்தப் பழைய வழக்கம் இருந்தது அவருக்கு அன்று கைகொடுத்தது. 1947-இல் எலிசபெத்தின் கல்யாண கவுனும் அவர் கையால்தான். துணி வாங்கவே ரேஷன் கூப்பன் வேண்டியிருந்த காலம் அது. அந்தக் கட்டுப்பாடு 1949 மார்ச்சில்தான் போனது. முடிசூட்டு விழா நடந்த நாளில்கூட இங்கிலாந்தில் சர்க்கரை ரேஷனில்தான் கிடைத்தது.

1952 அக்டோபரில் முடிசூட்டு ஆடைக்கான பணி வந்தது. அரசி வைத்த நிபந்தனை எளிது: வெள்ளை சாட்டின் துணி, கல்யாண கவுனின் அமைப்பு. ஹார்ட்னெல் நூலகம், அருங்காட்சியகம் என்று அலைந்து பழைய முடிசூட்டு உடைகளைப் புரட்டினார். பிறகு தனிமையில் உட்கார்ந்து வரைந்தார். முடிவில் ஒன்பது ஸ்கெட்ச் தேறின.

அந்த ஒன்பதையும் வரிசையாக வைத்தால் ஒரு மனிதர் தயங்கித் தயங்கித் துணிச்சல் பெறுவதைப் பார்க்கலாம். முதலாவது மிக எளிமை, விக்டோரியா அணிந்ததன் சாயல். இரண்டாவது ஒல்லியான நவீனக் கோடு, தங்க வேலை, ஓரத்தில் எர்மின் ரோமம். மூன்றாவதில் வெள்ளி லேஸும் படிகமும். நான்காவதில் தேவாலய பீடத்திலிருந்து இறங்கி வந்த லில்லிப் பூக்கள். ஐந்தாவதில் முதன்முறையாக நிறம் எட்டிப் பார்க்கிறது: வயலட் பூ, சிவப்பு ரோஜா, கோதுமைக் கதிர். ஆறாவதில் ஓக் இலையும் அதன் கொட்டையும். ஏழாவதில் இங்கிலாந்தின் டியூடர் ரோஜா தங்க இழையில் புடைத்து நிற்கிறது. எட்டாவதில் அந்த ரோஜாவோடு ஸ்காட்லாந்தின் திஸில் முட்பூ, அயர்லாந்தின் மூவிலை ஷாம்ராக், வேல்ஸின் சின்னம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

அரசியின் மனம் எட்டாவதில் நின்றது. ஆனால் முழுக்க வெள்ளையும் வெள்ளியுமாக இருப்பது கல்யாண கவுன் மாதிரியே தெரிகிறதே, ஐந்தாவதில் இருப்பதுபோல நிறம் சேர்க்கலாமா என்று கேட்டார். விக்டோரியா முழு வெள்ளையில் அல்லவா முடிசூடினார் என்று ஹார்ட்னெல் எடுத்துச் சொன்னார். அதற்கு வந்த பதில் எனக்குப் பிடிக்கும்: அவர் அப்போது சின்ன வயதுக் கன்னிப்பெண், நான் அவரைவிட மூத்தவள், கல்யாணமானவள், அந்தக் கட்டுப்பாடு எனக்கு எதற்கு? சொன்னபோது எலிசபெத்துக்கு வயது இருபத்தாறு.

அடுத்து அரசி கேட்ட ஒன்றில்தான் இந்த ஸ்கெட்சின் தலையெழுத்தே மாறியது. பிரிட்டனின் நான்கு சின்னங்கள் மட்டும் போதாது, காமன்வெல்த் நாடுகளின் சின்னங்களும் வேண்டும். ஒன்பதாவது ஸ்கெட்ச் அப்படிப் பிறந்தது. ஆடை வரைகிறவரின் மேசைக்கு வெளியுறவுக் கோப்பு வந்து சேர்ந்த கதை இது.

பூவால் ஆட்சியை அடையாளம் காட்டுவது நமக்குப் புதிதில்லை. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. எந்தப் பூ யாருடையது என்பதில் அங்கே குழப்பம் கிடையாது. ஹார்ட்னெலுக்கு அப்படி அமையவில்லை. யாருக்குப் பூ தருவது, யாருக்குத் தராமல் விடுவது என்பதே முதல் கேள்வி.

1953-இல் காமன்வெல்த்தில் தன்னாட்சி உள்ள உறுப்பு நாடுகள் எட்டு: பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா, பாகிஸ்தான், இலங்கை. ஸ்கெட்சில் இடம் கிடைத்தது இவற்றுக்கு மட்டும். கனடாவுக்கு மேப்பிள் இலை, பச்சைப் பட்டில், தங்க இழை ஓரம். ஆஸ்திரேலியாவுக்கு வாட்டில் பூ, மஞ்சள் உருண்டைகளாக. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சீகை என்று சொல்கிறோமே, அதன் உறவுக்கார மரம். நியூசிலாந்துக்குப் பெரணி இலை. தென்னாப்பிரிக்காவுக்குப் புரோட்டியா. மலாயாவின் ரப்பர் பிரிட்டனுக்கு அள்ளி அள்ளி டாலர் தந்துகொண்டிருந்தது. நைஜீரியா, கென்யா, கோல்ட் கோஸ்ட் (இன்றைய கானா) எல்லாம் அரசியின் ஆட்சிப் பரப்புதான். அவற்றுக்கு ஒரு இலைகூட இல்லை. காலனி நாடுகளுக்குப் பூ கிடையாது. எந்த அரசாணையிலும் இதை இவ்வளவு பளிச்சென்று எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்தியாவின் நிலைமை இன்னும் சுவாரசியம். 1950 ஜனவரி 26 முதல் இந்தியா குடியரசு. எலிசபெத் இந்தியாவின் அரசி இல்லை. 1949-இல் லண்டனில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி காமன்வெல்த்தின் தலைவர் என்ற அளவில்தான் இந்தியா அந்த முடியை ஏற்றுக்கொண்டது. நேரு விழாவுக்குப் போனார், விருந்தாளியாக. ஆனாலும் அரசியின் பாவாடையில் இந்தியத் தாமரை ஏறிவிட்டது, முத்துச்சிப்பி இதழ்களும் பொடி முத்துக்களுமாக. அயர்லாந்து இதற்கு நேர்மாறு. தெற்கு அயர்லாந்து 1949-இல் காமன்வெல்த்தை விட்டே போய்விட்டது. வடக்கு மட்டும் பிரிட்டனோடு இருந்தது. ஆனால் ஷாம்ராக்கைப் பாதியாகக் கிள்ளித் தைக்க முடியாதே. முழுத் தழையாகத்தான் இருக்கிறது.

பாகிஸ்தானுக்குப் பூ இல்லை, பயிர்கள்: கோதுமை, பருத்தி, சணல். கோதுமை மேற்கே விளைந்தது, சணல் கிழக்கு வங்காளத்தில். ஆயிரம் மைல் இடைவெளி விட்டுக் கிடந்த இரண்டு நிலங்களை ஒரே கொத்தாகக் கட்டிவிட்டது ஊசி.

இலங்கைக்கும் தாமரைதான். இரண்டு நாட்டுக்கும் ஒரே பூ கொடுத்துவிட்டு ஹார்ட்னெல் கற்களை மாற்றி வேறுபாடு காட்டினார். இந்தியத் தாமரைக்கு முத்து, இலங்கைத் தாமரைக்கு ஓபல். தாமரை, அல்லி, குவளை என்று நீர்ப்பூக்களைப் பிரித்துப் பிரித்துப் பேர் வைத்த மொழியில் பிறந்தவர்களுக்கு இது கொஞ்சம் சோம்பேறித்தனமாகவே படும். பின்னாளில் 1986-இல் இலங்கை தன் தேசியப் பூவாக நீல அல்லியைத்தான் தேர்ந்துகொண்டது. எனக்கு வேறொரு கேள்வியும் உண்டு. பாகிஸ்தானுக்குப் பயிரை வைத்தவர் இலங்கைக்கு ஏன் தேயிலைக் கொழுந்தை வைக்கவில்லை? உலகமே இலங்கையைத் தெரிந்துவைத்திருந்தது அந்தத் தேயிலையால்தான். அதைக் கிள்ளிய மலையகத் தமிழரில் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் இழந்திருந்தார்கள். ஹார்ட்னெல் இதையெல்லாம் யோசித்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. சின்னம் என்று வந்தால் தாமரைதான் யாருடைய கையையும் நினைவூட்டாது.

இந்தச் சின்னங்களை எப்படி அடுக்குவது என்பதிலும் ஒரு கருத்து இருக்கிறது. எல்லாம் மாலையாகப் பின்னி வர, நடுவில் தாய்போல டியூடர் ரோஜா, மற்றவை அதை ஒட்டி அணைந்து நிற்பதாகத்தான் அவர் மனதில் கொண்டார். சமமான உறுப்பினர்கள் என்று ஆவணங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஸ்கெட்ச் வேறு மாதிரி பேசுகிறது.

ஒன்பதாவது ஸ்கெட்ச் சம்மதமானதும் வேலை பட்டறைக்குப் போனது. ஒவ்வொரு சின்னத்துக்கும் நிஜ நிறத்தில் பூவேலை மாதிரி செய்து அரசியிடம் காட்டினார்கள். திஸிலுக்கு இளம் ஊதாப் பட்டும் அமெதிஸ்ட் கல்லும், ரோஜாவுக்கு வெளிர் இளஞ்சிவப்பும் முத்தும் தங்க, வெள்ளிச் சரிகையும். பூவேலைப் பட்டறைகளில் ஸ்கெட்சை அப்படியே துணிக்கு மாற்ற முடியாது. பூக்களைத் துணியின் முழு அளவுக்குத் தனித்தாளில் வரைந்து, கோட்டின் மேல் வரிசையாக ஊசியால் துளை போட்டு, தாளைத் துணிமேல் விரித்துப் பொடி தேய்த்தால் கீழே புள்ளிக்கோலம் விழும். ஆரி வேலை செய்கிற இடங்களில் இன்றைக்கும் இதைப் பார்க்கலாம். டிரேசிங் பேப்பரில் துளை போட்டு, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணியால் ஒற்றி எடுப்பார்கள். ஒரு கல்யாண பிளவுஸ் தைக்கக் கொடுத்த இடத்தில் இதை ஒருமுறை நின்று பார்த்தேன். அறை முழுக்க மண்ணெண்ணெய் வாசனை, சட்டத்தில் இழுத்துக் கட்டிய அரக்குப் பட்டின் மேல் மயில் ஒன்று வெள்ளைப் புள்ளிகளாகக் காத்துக்கொண்டிருந்தது.

துணிக்கான பட்டு இழை கென்ட் மாவட்டத்தின் லல்லிங்ஸ்டோன் பட்டுப்பண்ணையில் விளைந்தது. சோயி ஹார்ட் டைக் என்ற சீமாட்டி தன் கோட்டை வீட்டில் பட்டுப்புழு வளர்த்துவந்தார். அந்தக் குளிரில் மல்பெரி வளர்த்துப் புழுவைக் காப்பாற்றுவது எவ்வளவு வீம்பான காரியம் என்று தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். அந்த இழையை ஆலையில் சாட்டினாக நெய்தார்கள்.

அப்புறம் அந்த எடை. சரிகை, முத்து, கல், படிகம் எல்லாம் ஏறியதும் பாவாடை தாளில் விரிந்ததுபோல விரியாமல் தொய்ந்து தொங்கப் பார்த்தது. உள்ளே டஃபெட்டா லைனிங் கொடுத்து, குதிரைமயிர் சேர்த்து நெய்த விறைப்புத் துணியை மூன்று அடுக்கு வைத்துத்தான் அந்த மணி வடிவத்தை நிறுத்தினார்கள். ஸ்கெட்சில் ஒரே தூரிகை வீச்சில் வந்த வளைவு அது.

இத்தனையும் செய்த பிறகு, அந்த நாளில் ஆடையை யார் பார்த்தார்கள்? அரசி அபேக்குள் நுழையும்போது மேலே கருஞ்சிவப்பு வெல்வெட் மேலங்கி, பின்னால் நீண்டு. திருநிலைப்படுத்தும் எண்ணெய் பூசும் கட்டம்தான் சடங்கின் உச்சம். அப்போது மேலங்கியையும் நகைகளையும் கழற்றிவிட்டு, இந்தப் பூக்களெல்லாம் மறையும்படி ஒரு வெறும் வெள்ளை லினன் உடையை மேலே போர்த்திக்கொண்டார். கடவுள் முன் அலங்காரம் கூடாது என்பது முறை. அந்த வெள்ளை உடையையும் ஹார்ட்னெலே தைத்துக் கொடுத்திருந்தார். தன் வாழ்நாளின் பெரிய வேலையை மூடுவதற்கு உறையும் தானே செய்துகொடுத்த மனிதர். அதற்குப் பிறகு தங்க அங்கி, அதன் மேல் இன்னொரு தங்கப் போர்வை. வெளியே வரும்போது ஊதா வெல்வெட்.

பிரிட்டனில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். படம் கறுப்பு வெள்ளை. அரசி கேட்டு வாங்கிய அந்த வெளிர் ஊதாவும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் ஒன்றும் தெரியாது. கற்களின் மினுக்கம் மட்டும் சாம்பல் திரையில் புள்ளிகளாக வந்துபோயிருக்கும். வண்ணப் படச்சுருளில் பார்த்தவர்களுக்கும், சிசில் பீட்டன் அரண்மனையில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்கும் ஆடை தெரிந்தது. ஆனால் இலங்கைத் தாமரையையும் இந்தியத் தாமரையையும் பிரித்துச் சொல்கிற அளவுக்கு அவர்களில் யார் கிட்டே போயிருக்க முடியும்? வடிவமும் நிறமும் யாரும் மறைக்காமல், எதுவும் மேலே போர்த்தாமல் முழுதாக இருந்த இடம் ஸ்கெட்ச் ஒன்றுதான்.

ஆடை அதோடு பெட்டிக்குள் போய்விடவில்லை. முடிசூட்டுக்குப் பிறகு எலிசபெத் அதை ஆறு முறை அணிந்தார். 1954 ஜனவரியில் வெலிங்டன், பிப்ரவரியில் கான்பரா, ஏப்ரலில் கொழும்பு. ஒவ்வோரிடத்திலும் நாடாளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடங்கிவைக்க. குதிரைமயிர் மூன்று அடுக்கோடு சித்திரை வெயிலில் கொழும்பு! அன்று அவர் இலங்கையின் அரசி. தொடங்கிவைத்த அவைக்கு வாக்களிக்க உரிமையற்றவர்கள் மலைமேல் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். 1961-இல் எலிசபெத் இந்தியாவுக்கு வந்தார், சென்னைக்கும் வந்தார். திறந்துவைக்க அவருக்கு இங்கே நாடாளுமன்றம் இல்லை.

பாவாடையில் தைத்த கூட்டம் வெகுநாள் நிலைக்கவில்லை. பாகிஸ்தான் 1956-இல் குடியரசானது. தென்னாப்பிரிக்கா தன் நிறவெறிக் கொள்கையைப் பிடித்துக்கொண்டு 1961-இல் காமன்வெல்த்தை விட்டே வெளியேறியது. சணல் விளைந்த நிலம் 1971-இல் பங்களாதேஷ் ஆனது. 1972-இல் இலங்கையும் குடியரசாகிப் பெயரையும் மாற்றிக்கொண்டது. ஸ்கெட்சில் எல்லோரும் இன்னும் ஒரே மாலையில்.

பட்டுக்கும் நீர்வண்ணத்துக்கும் ஒரே எதிரி, வெளிச்சம். அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட பொருட்களுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் வைப்பதில்லை. வீட்டில் படிக்க ஏற்றுகிற விளக்கைவிடக் குறைவு. அதனால்தான் அந்த அறைகள் கோயில் கருவறைபோல இருட்டாக இருக்கின்றன. சில மாதம் வெளியே வைத்துவிட்டு நீண்ட ஓய்வுக்கு உள்ளே எடுத்துவிடுவார்கள்.

பேசி முடிவானதற்கு மேல் ஒரு தையல் அந்த ஆடையில் உண்டு. அரசியிடம் சொல்லாமல், சம்மதம் வாங்காமல், பாவாடையின் இடப்பக்கத்தில் ஷாம்ராக்குகளுக்கு நடுவே ஒன்றுக்கு மட்டும் நான்கு இலை வைத்துத் தைக்கச் சொன்னார் ஹார்ட்னெல். நான்கிலைத் தழை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பது அந்த ஊர் நம்பிக்கை. நடக்கும்போது அரசியின் இடது கை தானாக வந்து உரசும் இடமாகப் பார்த்து வைத்திருந்தார்.